நீல விளக்கும் அண்ணியின் பேச்சும்

அண்ணனின் வாய் மூட மறுத்தது. சின்னவன் மோவாயை உள்ளங்கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, துணி தேடிப் போன அண்ணி வரட்டும் என்று நின்றான். கையை எடுத்தால் வாய் மறுபடி திறந்துகொள்ளும். அறுவை செய்த பக்கம் எலும்பே இல்லாமல் மெத்தென்று இருந்தது. உயிர் போய் உடம்புச் சூடுகூட இன்னும் ஆறவில்லை. அழ வேண்டிய நேரத்தில் அவன் செய்துகொண்டிருந்தது வேறு வேலை. நாக்கு நுனியால் தன் இடது கன்னத்தின் உட்புறத்தைத் தடவிக்கொண்டிருந்தான். சொரசொரவென்று அந்தப் படலம் அங்கேயேதான் இருந்தது.

அண்ணி பழைய துண்டைக் கிழித்துக்கொண்டு வந்தாள். மோவாய்க்கு அடியில் கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள். துணி காதை அழுத்துகிறதா என்று விரல் விட்டுப் பார்த்துக் கொஞ்சம் தளர்த்தினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. காலையிலிருந்தே பேசவில்லை.

அண்ணி பேசாமல் இருந்தால் சின்னவனுக்குப் பயம் வந்துவிடும். காரணம் வேறு யாருக்கும் தெரியாது.

அண்ணிக்கு வேலை பல் மருத்துவமனையின் பரிசோதனை வண்டியில். அந்த வண்டிக்கு டிரைவர் சின்னவன். தொழிற்சாலை வாசல், சந்தை, லாரி நிறுத்தம் என்று ஆள் கூடுகிற இடமாகப் பார்த்து நிறுத்துவார்கள். வண்டியின் பின்பாதியில் ஒரு நாற்காலி, சுற்றிலும் கறுப்புத் திரை. உள்ளே நல்ல இருட்டு வேண்டும். அண்ணி ஆரஞ்சுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்க்குள் நீல வெளிச்சத்தை அடிப்பாள். நல்ல சதை வெளிறிய பச்சையாக மினுங்கும். கெட்டுப்போகத் தொடங்கிய இடம் கறுப்பாகக் கிடக்கும், சில சமயம் வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியாதபோதே. கறுப்பெல்லாம் புற்று ஆகிவிடாது, துளி சதையைக் கிள்ளிச் சோதித்தால்தான் உறுதி என்று அண்ணி மூச்சுக்கு மூச்சு சொல்லுவாள். மிளகளவில் கண்டுபிடித்து வெட்டியெடுத்தவர்கள் அடுத்த வருஷம் அதே வண்டிக்கு வந்து, அதே வாயால் அவளை வம்புக்கு இழுத்துவிட்டுப் போவதும் உண்டு.

அவளுக்கோ வாய் ஓயாது. வெளிச்சம் அடிக்கும்போதும் பேச்சுதான். இன்றைக்கு என்ன சமையல், மாமியாரோடு சண்டையா சமாதானமா, பல்லை இந்த லட்சணத்தில் வைத்திருந்தால் யார் பெண் கொடுப்பார்கள் என்று, ஆவென்று உட்கார்ந்திருக்கிற ஆளிடம் கேட்டுக்கொண்டே இருப்பாள். சின்னவன் திரைக்கு வெளியே படியில் உட்கார்ந்து கேட்டுச் சிரிப்பான். பாதி வாக்கியத்தில் பேச்சு பட்டென்று நின்றால், உள்ளே கறுப்பு தெரிந்துவிட்டது என்று அர்த்தம். இத்தனை வருஷத்தில் ஒருதரம்கூட அது தப்பியதில்லை. அப்படி இறங்கி வருகிறவர் முகத்தை அவன் பார்க்க மாட்டான். குனிந்து டயரைப் பார்ப்பான்.

அண்ணனும் தம்பியும் ஒரே பொட்டலத்துப் புகையிலை. வெல்டிங் பட்டறையில் கை வேலை செய்தால் அண்ணன் வாயும் சேர்ந்து மெல்லும். வெளிச்சம் வீட்டிலேயே இருக்கிறது, எனக்கென்ன அவசரம் என்று நக்கலடித்தே நாளைக் கடத்தினான். சோறு இறங்காமல் போன பிறகுதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தான். அன்றைக்கு அண்ணி அவனைத் திட்டிக்கொண்டே ஆரம்பித்தாள். பாதியில் நின்றுபோனது.

"ஏன்டி பேச்ச நிறுத்திட்ட?" என்று திரைக்குள்ளிருந்து அண்ணன் குரல் கேட்டது.

சின்னவன் படியைவிட்டு எழுந்து, சாலையைத் தாண்டிப் போய் நின்றுகொண்டான்.

அதற்குப் பிறகாவது சின்னவன் புகையிலையை விட்டானா என்றால் இல்லை. இடது கன்னத்துக்குள் வெள்ளையாக ஒரு படலம் வந்தபோது, பல் குத்தியிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். மலைப்பாதையில் பிரேக் பிடிக்காத வண்டியைப் பதறாமல் இறக்கியவன் அவன். ஆனால் அந்தத் திரைக்குள் அண்ணியின் பேச்சு நின்றுவிடுமே என்று நினைத்து, அந்த நாற்காலிப் பக்கமே போகவில்லை. நோயைவிட அதற்குத்தான் பயந்தான்.

அடக்கம் முடிந்து திரும்பினார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். சாயங்காலம் அண்ணி அவன் முன்னால் டீயை வைத்தாள். சூடு பட்டதும் முகம் சுளித்து, தலையைச் சாய்த்து, வலது பக்கமாக விழுங்கினான். அண்ணனும் இதே மேஜையில் இப்படித்தான் குடிக்க ஆரம்பித்தான். நிமிர்ந்தபோது அண்ணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்டிச் சாவியக் குடுங்க."

அன்றைக்கு அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். நாளைக்குப் பார்க்கலாம் என்றான். இன்றைக்குப் போய் இதெல்லாமா என்றான். வெறும் புண்தான் என்றான். நீட்டிய கையை அவள் மடக்கவே இல்லை. சாவியைக் கொடுத்துவிட்டுப் பின்னால் நடந்தான். வண்டி தெருவில் நின்றது.

திரைக்கு உள்ளே அவன் உட்காருவது இதுதான் முதல் தடவை. மருந்து நெடி அடித்தது. அண்ணி திரையை இழுத்துவிட்டுக் கண்ணாடியை மாட்டினாள்.

"அண்ணி."

"ம்."

"பேசிக்கிட்டே பாருங்க."

அவளுக்குப் புரியவில்லை. அவன் சொன்னான். படியில் உட்கார்ந்து கேட்டதையெல்லாம், அண்ணன் கேட்ட அந்தக் கேள்வியையும் சேர்த்துச் சொன்னான். அண்ணி அசையாமல் நின்றாள். கறுப்பைக் கண்ட ஒவ்வொரு தடவையும் தான் பேச்சை நிறுத்துவது அவளுக்கே இதுவரை தெரியாது என்பது அப்போதுதான் அவனுக்கு விளங்கியது.

"எனக்குப் பயமா இருக்கு அண்ணி."

"எனக்கு மட்டும் இல்லையா தம்பி? வாயத் திறங்க."

நீல விளக்கு எரிந்தது.

"உங்கண்ணன் இருக்காரே," என்று ஆரம்பித்தாள். செருமிக்கொண்டு தொடர்ந்தாள். கல்யாணமான புதிதில் சினிமாவுக்குக் கூட்டிப்போய், படம் முழுக்கத் தூங்கி, எழுப்ப வந்த காவலாளியைப் பார்த்து என் வீட்டுக்குள் எப்படி வந்தாய் என்று அண்ணன் அவன் சட்டையைப் பிடித்த கதை. சின்னவன் எத்தனையோ தடவை கேட்டதுதான். வெளிச்சம் வலது கன்னத்துக்குள் மெதுவாக நகர்ந்தது. நாக்கை ஒதுக்கி அடியில் போனது. மேலண்ணத்துக்கு ஏறியது. கண்ணாடிக்குப் பின்னால் அவள் கண்கள் தெரியவில்லை. கதை காவலாளியிடம் வந்தபோது வெளிச்சம் இடது கன்னத்துப் பக்கம் திரும்பியது.

பேச்சு நிற்கவில்லை. காவலாளி என்ன சொன்னான், முன்வரிசையில் யார் சிரித்தார்கள், டிக்கெட் கொடுப்பவன் ஏன் ஓடிவந்தான் என்று, கதையில் இதுவரை இல்லாத ஆட்களையெல்லாம் இழுத்துவந்து சொல்லிக்கொண்டே போனாள். வெளிச்சம் மட்டும் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. அவளுடைய இன்னொரு கை அவன் மோவாய்க்கு அடியில் வந்து, காலையில் அவன் அண்ணனுக்குப் பிடித்த மாதிரியே, தாங்கிப் பிடித்துக்கொண்டது.