ஏழாம் கிணற்றுத் தண்ணீர்

பார்கவி மருந்துக் கடையிலிருந்து திரும்பியபோது முத்தம்மா அத்தை சாமி மாடத்துக்குக் கீழே உட்கார்ந்து, ஒரு கண்ணாடிப் பாட்டிலின் வாயிலிருந்த சிவப்பு அரக்கை அரிவாள்மனை நுனியால் பெயர்த்துக்கொண்டிருந்தாள். பாதிக்கு மேல் பெயர்ந்துவிட்டது. துண்டுகள் அவள் மடியில் கிடந்தன.

"அத்தே, அது..."

"எம்மாம் அழுத்தமா மூடி வச்சிக்கிறான் பாரு உங்கப்பன். காசித் தண்ணிய யாராச்சும் தூக்கினு போயிடுவாங்களா? மூச்சு இழுக்குது, ஸ்பூன் எடு பாப்பா."

அப்பா கோவிந்தப்பாவின் தலை அம்மாவின் மடியில் இருந்தது. வாய் மூடாமல் திறந்தே கிடந்தது. இரண்டு நாளாக ஒரு சொட்டு இறங்கவில்லை. ஜோகுபாளையத்தின் அந்த ஒன்றரை அறை வீட்டு வாசலில் தெருவே கூடி நின்றது. பார்கவி வாயைத் திறந்தாள். அந்தத் தண்ணி வேணாம் என்று சொல்லவேண்டும், மூன்றே சொல். சாகிற மனுஷனுக்குக் கடைசித் தண்ணீரைத் தடுத்த மகள் என்று நாளைக்கு நாக்கில் நரம்பில்லாமல் பேசுவார்களே என்று நினைத்தாளா, அம்மாவின் முகத்தைப் பார்த்துத் தயங்கினாளா, அவளுக்கே தெரியவில்லை. ஸ்பூனை எடுத்துக் கொடுத்தாள்.

முதல் ஸ்பூன் கன்னத்தில் வழிந்தது. இரண்டாவதில் தொண்டைக்குழி ஏறி இறங்கியது. அப்பா கண்ணைத் திறந்தார்.

"இன்னும்," என்றார்.

"குடிச்சிட்டார்டி," என்று அம்மா சரசு அழுதுகொண்டே சிரித்தாள். "ரெண்டு நாளா நான் ஊத்தினது ஒண்ணும் இறங்கல. காசித் தண்ணி இறங்குது பாரு."

ஐந்து ஸ்பூன் இறங்கியது. ஆறாவது வாயிலேயே நின்றுவிட்டது. மணி ஒன்பதே கால்.

பாட்டிலில் இருந்தது காசித் தண்ணீர் இல்லை. கோவிந்தப்பா ஒரு சர்வே கம்பெனியில் ஃபீல்டு ஆளாக இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். தண்ணீர் எடுப்பதுதான் வேலை. இஞ்சினியர்கள் மெஷினை வெளியே எடுப்பதற்குள் அவர் நாக்கில் ஒரு சொட்டு வைத்து உப்பு இவ்வளவு என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தொண்ணூற்றொன்றில் விமான நிலையம் கட்டுவதற்கு முன்னால் சோதனை செய்ய அவரை ஒரு சின்னத் தீவுக்கு அனுப்பினார்கள். இந்தக் கரையில் நின்று கூப்பிட்டால் எதிர்க்கரையில் கேட்கும் அளவு ஒடுங்கிய தீவு. அங்கே பூமிக்கு அடியில் உப்புத் தண்ணீர், அதன்மேல் பாலில் ஆடை மாதிரி நல்ல தண்ணீர் மிதக்கும் என்று வந்து சொன்னார். மழை மண்ணில் இறங்க இறங்கத்தான் அந்த ஆடை நிற்குமாம்.

பன்னிரண்டு கிணறு. கிணற்றுக்கு இரண்டு பாட்டில். ஒன்று சோதனைக்கு. இன்னொன்று பத்திரப்படுத்த, அங்கேயே அரக்கு வைத்து, ஊர்க்காரர்கள் இரண்டு பேர் கையெழுத்துப் போட்ட காகிதத்தை மூடிமேல் ஒட்டி எடுத்துவந்தது. சோதனை முடிந்ததும் அந்தப் பன்னிரண்டையும் கொட்டிக் கழுவி வைக்கச் சொன்னார்கள். பதினொன்றைக் கழுவினார். தித்திப்பாயிருந்த ஏழாம் கிணற்றுத் தண்ணீரை மட்டும் கொட்ட மனசில்லாமல் பாட்டிலோடு சாப்பாட்டுப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

அதற்கடுத்த மாதம் கம்பெனி கொடுத்த அறிக்கையின் நகலைக் கொண்டுவந்து பார்கவியிடம் படிக்கச் சொன்னார். தீவின் கிணறுகள் எல்லாம் ஏற்கனவே உப்பு, விமான நிலையத்தால் புதிதாகக் கெட ஒன்றுமில்லை என்று இங்கிலீஷில் இருந்தது. "பொய்யி," என்றார். அவ்வளவுதான். வேலை போய்விடும் என்ற பயத்தில் வாயைத் திறக்கவில்லை. பாட்டிலை மட்டும் சாமி மாடத்தில் காசிச் சொம்புக்குப் பக்கத்தில் வைத்தார். "அங்க வச்சா எவனும் தொடமாட்டான்," என்றார். சொம்பு எப்போதோ காலியாகிவிட்டது. பாட்டில் இருந்தது. விஷயம் தெரிந்தது அவளுக்கு மட்டும்தான்.

ரிடையர் ஆன பிறகு, போன வருஷம், தீவிலிருந்து கடிதம் வந்தது. எழுதியவர் ஏழாம் கிணற்றுக்காரர், பள்ளிக்கூட வாத்தியார் நாணு. தீவின் நடுவில் தென்னையெல்லாம் வெட்டி ரன்வே போட்டாயிற்று. அதன் முனையை நீட்டக் கடலுக்குள்ளிருந்து மண்ணை வாரியதில் மறுபக்கக் கரை சரிகிறது. பெய்கிற மழை தார்மேல் ஓடிக் கடலுக்கே போகிறது. கிணறுகள் உப்பாகிவிட்டன. முன்பே உப்புதான் என்று கோர்ட்டில் அறிக்கையைக் காட்டுகிறார்கள். உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?

அப்பா சொல்லச்சொல்லப் பார்கவிதான் பதில் எழுதினாள். ஞாபகம் மட்டுமில்லை, தண்ணீரே இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள். அதைத் தபால் பெட்டியில் போட்ட அன்றைக்கு அவர் இரண்டு முறை சாப்பிட்டார்.

நாணு வந்தது அப்பா செத்த அதே சனிக்கிழமை மத்தியானம். வாசலில் கட்டை புகைந்துகொண்டிருந்தது. தப்பட்டைக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கப்பலும் ரயிலுமாக நாலு நாள் பயணம் செய்த மனிதர், ஷாமியானாவைப் பார்த்ததும் தெருவிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். கோயம்புத்தூரில் படித்தவர், தமிழ் வரும்.

"நீ பார்கவிதானே? உன் கையெழுத்து எனக்குத் தெரியும்," என்றார். "எப்போ?"

"காலையில."

அவர் அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுச் சுவரோரம் நின்றார். பாட்டிலைப் பற்றி வாய்திறக்கவில்லை. அந்த மரியாதைதான் அவளால் தாங்க முடியவில்லை. வீட்டுப் பின்னால் குழாயடிக்கு அழைத்துப்போனாள்.

"சார், அந்த பாட்டிலோட சீல ஒடச்சிட்டாங்க."

"யாரு?"

"எங்க அத்தை. காசித் தண்ணின்னு நெனச்சி அப்பா வாயில ஊத்திட்டாங்க." மூச்சு விட்டாள். "அவங்க மேல தப்பில்ல. நான் பார்த்தேன் சார். நிறுத்தியிருக்கலாம். அரக்குதான் பேந்திருந்தது. அந்தக் காகிதம் அப்பவே கிழிஞ்சிருச்சா இல்லையான்னு காலையிலேர்ந்து யோசிக்கிறேன், ஞாபகம் வரல. கிழியலன்னா நான்தான் கெடுத்தேன்."

பரவாயில்லை என்று அவர் சொல்வார் என்று காத்திருந்தாள். அவர் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்?

"திங்கக்கிழமை ஹைகோர்ட்ல கேஸ்," என்றார். "எங்க ஊர்ல இருநூத்திப்பத்து வீடு." குழாயைத் திறந்து முகம் கழுவினார். கழுவிவிட்டு, "குடிச்சாரா?" என்றார்.

"குடிச்சார். இன்னும்னு கேட்டார்."

"தெரிஞ்சு கேட்டாரா?"

இதைத்தான் அவளும் ஒன்பதே காலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டில் கிணற்றைச் சொல்கிற நாக்கு அது. தெரிந்திருந்தால், ஏழு வருஷம் காத்ததை ஏன் இன்னும் ஊற்று என்று கேட்டார்? தெரியாவிட்டால், வேறெந்தத் தண்ணீரும் இறங்காத தொண்டையில் அது மட்டும் எப்படி இறங்கியது? இல்லை, சாகும் நேரத்து வெறும் தாகம்தானா?

"தெரியல சார்," என்றாள்.

வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். நாணுவும் வரிசையில் நின்று போட்டார். யார் இவர் என்று கேட்ட அம்மாவிடம், அப்பாவோடு வேலை பார்த்தவர் என்று பார்கவி சொன்னாள். "அவரு காசித் தண்ணி குடிச்சிட்டுத்தான் போனாரு சார்," என்று அம்மா அவரிடமும் சொன்னாள். நாணு தலையை அசைத்து, "நல்லதும்மா, நல்ல தண்ணி," என்றார். பார்கவிக்கு அவர் காலில் விழவேண்டும் போலிருந்தது.

ஆண்கள் கல்பள்ளி மயானத்துக்குப் போனதும் பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். முத்தம்மா அத்தை மாடத்தைத் துடைத்து, மீதித் தண்ணீர் இருந்த பாட்டிலைச் சாக்கடைப் பக்கம் சாய்த்தாள்.

"சாவுல ஊத்தின தண்ணி, வீட்ல வைக்கக்கூடாது."

"வை அத்தே அத."

"சும்னே இருடி, உனக்கு ஒண்ணும் தெரியாது."

"கீழ வைன்னு சொல்றேன்ல."

காலையில் வராத குரல் இப்போது தெருவுக்கே கேட்டது. அத்தை வைத்துவிட்டாள். இரண்டு விரற்கடைத் தண்ணீர் மிஞ்சியிருந்தது. மூடியில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்கவி பார்த்தாள். கிழிந்திருந்தது. அரக்கோடு கிழிந்ததா, மூடியைத் திருகும்போது கிழிந்ததா, எப்படிப் பார்த்தும் சொல்லமுடியாத மாதிரி கிழிந்திருந்தது.

நாணு சாயந்திரம் ஈர வேட்டியோடு திரும்பினார். ஆறரைக்கு ரயில்.

"சார், நான் கோர்ட்டுக்கு வந்து சொல்றேன். லெட்டர் எழுதினது நான்தானே. அப்பா சொன்னதெல்லாம் சொல்றேன்."

"வக்கீலைக் கேட்டு எழுதறேன்," என்றார். அந்தக் குரலில் நம்பிக்கை இல்லை. பையை எடுத்துக்கொண்டு, "மிச்சம் இருக்கா?" என்றார்.

"இருக்கு. ஆனா சீல் போனத ஒத்துக்கமாட்டாங்களே."

"கோர்ட்டுக்கு இல்ல. என் சின்ன மகளுக்கு நாலு வயசு. ரன்வே போட்ட அப்புறம் பொறந்தது. எங்க கிணத்துத் தண்ணின்னா கரிக்கும்னுதான் அதுக்குத் தெரியும்."

பார்கவி உள்ளே போனாள். மூடியைத் திருகி, மேலே பிளாஸ்டிக் கவரைச் சுற்றி, பூக்கட்டின நாரால் நாலு சுற்று இறுக்கிக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் பையில் வைக்கவில்லை. ஆட்டோவில் ஏறி மடிமேல் நிமிர்த்தி வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தெருமுனைப் பள்ளத்தில் ஆட்டோ ஏறி இறங்கியபோது மனிதர் முழுக்கக் குலுங்கினார். பாட்டிலைப் பிடித்த கைகள் மட்டும் ஆடவில்லை.