பாலுசாமி வாசல் மூடி

மழை பிடித்த கொஞ்ச நேரத்திலேயே கனகத்தின் வீட்டுக் கக்கூஸ் குபுகுபுவெனப் பொங்க ஆரம்பித்துவிட்டது. பொங்குவது ஒன்றும் புதிதில்லை, வருசா வருசம் ஐப்பசியில் நடக்கிற கூத்துதான். கோணிச்சாக்கைச் சுருட்டிப் பீங்கானுக்குள் திணித்து, மேலே அம்மிக்கல்லை வைத்துவிட்டு, மழை விட்டதும் பினாயில் ஊற்றிக் கழுவிவிடுவாள். ஆனால் இந்தத் தடவை உள்ளறையில் மகள் அக்ஷிதா படுத்திருந்தாள். வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்த பச்சை உடம்பு. பக்கத்தில் இன்னும் பேர்கூட வைக்காத குழந்தை. கறுப்புத் தண்ணீர் சாக்கை மீறி, குளியலறைப் படியைத் தாண்டி, கூடத்துக்கு வந்துவிட்டது.

வீதியில் முட்டி வரைக்கும் தண்ணீர். தையல் போட்டவளை அதில் நடத்திக் கூட்டிப்போக முடியுமா? ஆட்டோவும் வராது. மாநகராட்சிக்குப் போன் போட்டால், வண்டி வந்துட்டே இருக்குதுங்கம்மா என்று மரியாதையாகச் சொன்னார்கள். எங்கிருந்து வந்துகொண்டிருந்ததோ, வால்பாறையிலிருந்தோ என்னமோ!

காரணம் கனகத்துக்குத் தெரியும். மேட்டுப்பக்கம் பாலுசாமி வீடு. ரோட்டின் மேல் ரோடாகப் போட்டதில் அவர் வாசல் பள்ளமாகிவிட்டது. மழை வந்தால் தண்ணீர் அங்கே தேங்கி வீட்டுக்குள் ஏறப் பார்க்கும். உடனே கடப்பாரையோடு வந்து பாதாளச் சாக்கடை மூடியை நெம்பித் திறந்துவிடுவார். யாரும் விழுந்துவிடக் கூடாதே என்று ஒரு தென்னமட்டையும் நட்டுவைப்பார். தண்ணீர் மடமடவென்று இறங்கிவிடும். வீதியே அவரைப் புகழும். சாக்கடைக் குழாயில் இத்தனை மழைத்தண்ணீரையும் விட்டால் அது எங்கே போகும்? கடைசிப் பள்ளத்து வீட்டில், கனகத்தின் கக்கூசில் பொங்கும்.

இத்தனை வருசம் ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்களா? எப்படிங்க சொல்றது? அவள் புருசன் செத்தபோது முதல் ஆளாக வந்து நின்றவர் பாலுசாமி. ஒருநாள் சொல்லத்தான் போனாள். காப்பி கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்துவிட்டாள். நம்மூர் மரியாதை இருக்கிறதே, அது சாக்கடையை வீட்டுக்குள் விட்டாலும் விடும், வாயைத் திறக்க விடாது.

இன்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து மேட்டுக்கு நடந்தாள். பாலுசாமி பதறிப்போய் கேட்டைத் திறந்தார். அவர் சம்சாரம் நாச்சியம்மாள் துண்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, உள்ளே வந்து தலையைத் துவட்டச் சொன்னாள். கனகம் உள்ளே போகவில்லை. போனால் காப்பி வந்துவிடும்.

"ஏனுங்ணா, அந்த மூடிய மூடிருங்க. நீங்க தெறந்தா எங்கூட்டுக்குள்ள பொங்குது. பச்ச ஒடம்புக்காரி படுத்திருக்கா, கொழந்த இருக்குது."

அவர் முகம் செத்துப்போனது. இத்தனை நாளாகச் சொல்லவே இல்லையே அம்மணி என்று முனகிக்கொண்டே கடப்பாரையை எடுத்தார். தண்ணீர் அந்தக் குழியில் சுழித்துச் சுழித்து இறங்கிக்கொண்டிருந்தது. காலை ஒரு அடி மாற்றி வைத்தால் ஆள் உள்ளே. கனகம் தென்னமட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இரும்பு மூடியைத் தள்ளித் தள்ளி, ஒருவழியாக அது பொருந்தி உட்கார்ந்தது. அந்த நிமிசமே தண்ணீர் அவர் வாசற்படியில் ஏற ஆரம்பித்தது. போய்ப் பிள்ளையைப் பாருங்க என்று அவளை அனுப்பிவைத்தார்.

வீட்டில் கட்டில் கால் நனைந்துகொண்டிருந்தது. அக்ஷிதா குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். அப்போது போன் அடித்தது. பாலுசாமிதான். பின்னால் பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது.

"அம்மணி, நின்னுபோச்சுங்களா? இங்க ஊட்டுக்குள்ள ஏறிருச்சு. செத்த நேரம் தெறந்து உடட்டுங்களா?"

கனகம் எட்டிப் பார்த்தாள். பொங்குவது மட்டுப்பட்டிருந்தது, நிற்கவில்லை. நின்னுபோச்சுங்ணா, தெறந்துக்குங்க என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வெட்கத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"வேண்டாங்ணா. மழ உடற வரைக்கும் தெறக்காதீங்க."

அந்தப் பக்கம் அவர் நாச்சியம்மாளிடம் அரிசி மூட்டையைக் கட்டில் மேல் தூக்கி வைக்கச் சொல்வது கேட்டது. பிறகு, "சேரிங்க," என்று வைத்துவிட்டார்.

அந்தச் 'சேரிங்க'வுக்கு என்ன அர்த்தமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. குளியலறை வாசலில் குத்தவைத்து உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்து அது கட்டில் காலை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. அவர் மூடியைத் திறக்கவில்லை. இங்கே இறங்க இறங்க அங்கே ஏறிக்கொண்டிருக்கும் என்று தெரிந்தும், இன்னும் இறங்கு, இன்னும் இறங்கு என்று வேண்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.