கெடாவுக்கு ஒரு குரல்

முடிவு தெரிந்த பந்தாட்டத்துக்குக் கத்துவதுதான் மனித இனம் இதுவரை கண்டுபிடித்த முட்டாள்தனங்களில் தலையாயது என்று விமலன் நிறுவியிருந்தான். கல்லூரி இணைய இதழில் இதைப் பற்றி ஒரு பத்தி எழுதினான். மறுத்து எழுத யாரும் முன்வராததால் உலகம் ஒப்புக்கொண்டுவிட்டதாக அடுத்த பத்தியில் அறிவித்தான். ஆகவே அன்று மாலை சுங்கை வேயில் இருக்கும் நஜ்முதீன் கடைக்கு அவன் போனது ஆட்டம் பார்க்க அல்ல. அக்கா உஷாராணியின் முழங்காலுக்குள் இன்னும் ஓர் இரும்புத் துணுக்கு இருக்கிறது, கார் ஓட்ட முடியாது. அதற்காக மட்டும்தான்.

சில வருடங்களுக்கு முன் அந்தக் கடையில் மாநில அணிகளான சிலாங்கூருக்கும் கெடாவுக்கும் நடந்த இறுதியாட்டம் பெரிய திரையில் ஓடிக்கொண்டிருந்தபோது, மோட்டாரில் வந்த இருவர் உள்ளே குண்டை வீசிவிட்டுப் போனார்கள். எங்கோ நடக்கும் சண்டைக்கு யாரோ இங்கே கணக்குத் தீர்த்தது. அது உருண்டு உஷாவின் மேசைக்கடியில் போய் நின்றது. தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்த பாசில், ரொட்டி தட்டும் இரும்பு மேசையைக் கவிழ்த்து அதன்மேல் தள்ளித் தானும் விழுந்தார். அவரும் திரைக்குப் பக்கத்தில் இருந்த கன்னையா அங்கிளும் போய்விட்டார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு தழும்போடு எழுந்தார்கள்.

அதிலிருந்து ஆண்டுதோறும் அதே நாளில் அவர்கள் கூடி, அந்த ஆட்டத்தின் பதிவை முதலிலிருந்து கடைசிவரை பார்க்கிறார்கள். ஒன்றும் தெரியாதவர்கள்போல் கத்துகிறார்கள். சிலாங்கூரும் கொஞ்சமும் கூச்சமில்லாமல் ஆண்டுதோறும் தோற்கிறது.

"ரெண்டு நிமிஷம் மௌனமா நின்னா டீசண்டா இருக்கும்லக்கா," என்றான் காரில்.

உஷா கேட்கிற காதை அவன் பக்கம் திருப்பினாள். "நாம வாய மூடணும்னுதான்டா அவனுங்க அத வீசினானுங்க. அதுக்கு நாமளே ஹெல்ப் பண்ணணுமா?"

கடை முழுக்கச் சிவப்பு ஜெர்சி. ஓரமாக ஒரே ஒரு பச்சை. பாசிலின் மனைவி ஷிரீன், அவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு, கழுத்தில் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். பாசில் கெடாவிலுள்ள சுங்கை பட்டாணிக்காரர். இந்தக் கடையில் கெடாவுக்கு இருந்த ஒரே ஆள். கெடா போட்ட வெற்றிக் கோலை அவர் பார்க்கவில்லை; அதனால் அந்தக் கோலுக்கு மட்டும் ஷிரீன் எழுந்து நின்று கத்துவாள்.

"தைராய்டு ஆப்பரேஷன். குரலே வரல," என்றார் கடைக்காரர் நஜ்முதீன். "நாங்க கத்துறோம்மான்னு சொன்னேன். கேக்க மாட்டேங்குது."

ஷிரீன் காற்றாகப் பேசினாள். "செவப்பு சட்டக்காரன் பாவம் பாத்து கத்துனா அவருக்குப் பிடிக்காது லா. நான் எந்திரிச்சி நின்னாப் போதும்."

ஆட்டம் ஓடியது. நடுவரை, நடுவரின் அம்மாவை, புல்தரையைத் திட்டினார்கள். இரண்டாம் பாதியில், அன்று குண்டு விழுந்த அந்த நேரம் வந்தது. திரையில் ஒன்றுமே நடக்கவில்லை; யாரோ ஒருவன் பந்தை எல்லைக்கோட்டிலிருந்து உள்ளே எறிந்தான். நஜ்முதீன் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார். கடை முழுவதும் ஒரு த்ரோ-இன்னுக்காக மேசையைத் தட்டிக் கூச்சலிட்டது. உஷா எல்லோரையும் விடச் சத்தமாகக் கத்தினாள். அவள் கழுத்து நரம்பைப் பார்த்துக்கொண்டிருந்த விமலன், அடுத்த பத்திக்கு யோசித்து வைத்திருந்த வாக்கியத்தின் பாதியை மறந்துபோனான்.

பிறகு கெடாக்காரன் ஒருவன் வலப்பக்கமாகப் பந்தோடு ஓடினான். சிவப்புச் சட்டைகள் சொல்லி வைத்தாற்போல் அடங்கின. ஷிரீன் எழுந்தாள். பந்து வலைக்குள் போனது. அவள் இரண்டு கைகளையும் தூக்கி வாயைத் திறந்தாள். கட்டுக்கு மேலே தொண்டை ஏறி இறங்கியது. ஒன்றும் வரவில்லை. யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவரவர் கிளாசைப் பார்த்தார்கள். அந்தக் கடையில் அப்படியோர் அமைதியை விமலன் எதிர்பார்க்கவில்லை. தான் காரில் கேட்டது இதைத்தான் என்பது அவனுக்கு உறைக்க ஒரு கணம் ஆனது. அந்தக் கூட்டத்தில் ஷிரீனைத் தவிர சிவப்புப் போடாதவன் அவன் ஒருவன்தான் என்பது உறைக்க இன்னொரு கணம்.

"கோல்," என்றான். மாட்டுக்கு இருமல் வந்ததுபோல் இருந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, வயிற்றிலிருந்து இன்னொரு முறை கத்தினான். குரல் நடுவில் உடைந்தது.

முன்வரிசைத் தலைகள் திரும்பின.

"எவன்டா அது கெடாக்காரன்?"

"ஆஃப்சைட் லா டேய், கண்ணு தெரியலயா?"

"ஒக்காருடா. தேத்தண்ணிய தலையில ஊத்திருவேன்."

பாசிலுக்குப் பிறகு வருடக்கணக்கில் யாரிடமும் சொல்லக் கிடைக்காத வசவுகள் கடையின் எல்லா மூலையிலிருந்தும் வந்தன. ஷிரீன் திரும்பிப் பார்க்கவில்லை. கைகளை மட்டும் இறக்காமல் நின்றாள்.

திரையில் அதே கோலை வேறொரு கோணத்தில் மெதுவாகக் காட்டத் தொடங்கினார்கள். பந்து இன்னும் கெடாக்காரன் காலில்தான் இருந்தது. விமலன் உட்காராமல், அடுத்த கூச்சலுக்கு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டான்.