உப்புக்காரியின் நிழல்

ஷியோமித் தீவில் அந்த ஆண்டுக் கோடை முடியப் பன்னிரண்டு நாள் இருந்தபோது, உப்புக் காய்ச்சும் தொயோமி தன் நிழலை ஒளித்து வைத்துக்கொண்டு வாழத் தொடங்கினாள்.

வேறு வழியில்லை. விலங்கு வளர்த்துச் சண்டைக்கு விடுகிறவர்களுக்கு அங்கே ஒரே சட்டம். ஒருவர் நிழலை இன்னொருவர் மிதித்துவிட்டால் அன்று பொழுது சாய்வதற்குள் இருவரின் விலங்குகளும் மோதியாக வேண்டும். காய்ச்சல், கல்யாணம், பிரசவம் என்று எந்தச் சாக்கும் செல்லாது. தோற்றவர் ஒரு சிப்பி முத்திரையை அவிழ்த்துக் கொடுக்க வேண்டும். கோடைக்குள் எட்டு முத்திரை சேர்த்தவருக்கு எரிமலை வாயில் இருக்கும் பெரிய அரங்கின் கதவு திறக்கும். ஒன்றுகூட இல்லாமல் போனவர் சண்டை உரிமத்தை இழந்து, தன் விலங்கைப் புல்வெளியில் விட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு அதன் பெயரைக் கூப்பிடக் கூடாது. கடைசி முத்திரையைப் பறித்தவருக்கு, அந்த விலங்கின் மேல் முதல் குடுக்கையை வீசிப் பிடித்துக்கொள்ளும் உரிமையும் உண்டு. குடுக்கை என்பது, மேலே பட்ட விலங்கைச் சுருக்கி உள்ளே அடைத்துக்கொள்ளும் சுரைக் கூடு.

கோடை தொடங்கியபோது தொயோமியிடம் ஏழு முத்திரை, எதிர்வீட்டுக் குனிசுகேயிடம் ஒன்று. இப்போது அவனிடம் ஏழு, அவளிடம் ஒன்று. நடுவில் நடந்ததை அவளிடம் யாரும் கேட்பதில்லை. கேட்ட ஒருவருக்கு இன்னும் காது சரியாகவில்லை.

அவளுடைய விலங்கு ஒரு தூறல்தவளை. பெயர் கோபு. சோற்றுப் பானை அளவு இருக்கும். வாயைத் திறந்தால் மழை தூறும். குனிசுகேயினுடையது தெத்சு என்ற எரிபன்றி. கோபம் வந்தால் பிடரி மயிர் பற்றிக்கொள்ளும். ஒருநாள் அது தும்மியபோது அக்கம்பக்கத்து மூன்று வீடுகளில் அடுப்பு மூட்டாமலே சோறு வெந்தது. தண்ணீர் நெருப்பை வெல்லும் என்று பள்ளியில் சொல்லித்தருகிறார்கள். சொல்லித்தருகிறவர்கள் தெத்சுவைப் பார்த்ததில்லை. கோபுவின் தூறல் அதன் முதுகுக்குப் பாதி வழி போவதற்குள் ஆவியாகிவிடும்.

பகை பதினோரு வருடத்துப் பகை. குனிசுகே கொடியில் காயப்போட்டிருந்த கணவாய்களின் மேல் கோபு தூறிவிட்டது. காய்ந்த கணவாய் நாற்பதும் உயிர் வந்து கடலுக்கு நடந்தே போய்விட்டன என்பது குனிசுகேயின் கட்சி. முப்பத்தெட்டுதான் போயின என்பது தொயோமியின் கட்சி. அதற்குமேல் சமாதானம் பேச எதுவும் இருக்கவில்லை.

ஆகவே அவள் உச்சி வெயிலில் மட்டும் வெளியே வந்தாள். நிழல் பாதத்துக்கடியில் ஒடுங்கிக் கிடக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் எடுத்து, மீன் வாங்கி, குப்பை கொட்டி, உள்ளே ஓடி மறைந்தாள். குடை பிடிக்கலாம் என்றால், குடை நிழலும் ஆள் நிழல்தான் என்று ஏற்கெனவே தீர்ப்பு இருந்தது.

குனிசுகே வேலிக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"ஏய் உப்புக்காரி! வெளிய வாயேன். வெயில் என்னமா அடிக்குது!"

"உன் மூஞ்சியப் பாக்குறதுக்கு மூட்டையில இருக்கிற உப்பக் கல்லு கல்லா எண்ணலாம். போடா பன்னிக்காரா."

"எண்ணு, எண்ணு. பன்னண்டு நாளுக்குக் காணுமா? உன் தவள என் தொழுவத்துக்கு வந்ததும் மூணு வேளையும் தெத்சுவுக்கு முதுகு கழுவப்போவுது. பேரு கூட யோசிச்சு வெச்சுட்டேன். வாளி."

தொயோமி திரும்பி அடுப்பைப் பார்த்தாள். கோபு அடுப்பு ஓரத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது. பெயர் மாறப்போவது அதற்குத் தெரியாது.

"உன் பன்னி உன்ன தினம் மோந்து பாக்குதே, எதுக்குன்னு தெரியுமா?" என்று கத்தினாள். "பெத்தது தானோன்னு அதுக்கு சந்தேகம்!"

அவன் சும்மா இருக்கவில்லை. ஐந்தாம் நாள் அவள் வேலியில் பாதி மூங்கிலைக் காணவில்லை. எட்டாம் நாள் தன் கூரையில் ஒரு பெரிய பித்தளைத் தாம்பாளத்தைச் சாய்த்து வைத்து, வெயிலைத் திருப்பி அவள் சன்னலுக்குள் அனுப்பினான். அவள் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தன் நிழல் பின்வாசல் வழியாகச் சந்துக்கு வழிந்து போவதையும், அங்கே ஒரு கால் தயாராகத் தூக்கி நிற்பதையும் கண்டு அப்படியே தரையில் விழுந்து தவழ்ந்தாள். கொதிக்கிற தேநீர் முழங்கையில் கொட்டியது. நடுவரான கொடிக்காரர் இவாசேயிடம் ஆள் அனுப்பிப் புகார் சொன்னாள். தாம்பாளத்துக்கு எதிராகச் சட்டம் எதுவும் இல்லை என்று பதில் வந்தது.

கடைசி நாள் விடியும்போதே வானம் மூட்டமாக இருந்தது. அன்று சூரியன் கடலைத் தொட்டதும் அரங்கின் கதவு சாத்திவிடும். அதற்குப் பிறகு அடுத்த கோடை வரை யார் நிழலை யார் மிதித்தாலும் ஒன்றுமில்லை. மேகம் கல்லுப் போல அசையாமல் இருந்ததைப் பார்த்து, தொயோமி கோபுவைக் குடுக்கையில் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டு உப்பளத்துக்குப் போனாள். பதினொரு நாளாகப் பாத்திகள் வாரப்படாமல் கிடந்தன.

பிற்பகலில் மேகம் பிளந்தது.

கண்ணுக்கெட்டிய வரை வெள்ளை வெளேரென்று உப்புத் தரை. ஒரு மரம் இல்லை, ஒரு குடிசை இல்லை. அவள் நிழல் ஒரு பனை உயரத்துக்குக் கிழக்கே நீண்டு விழுந்தது. அதே நேரம் மேற்கே இருந்த உப்புக் குவியல் ஒன்று எழுந்து நின்றது. அதற்குக் கால் இருந்தது. விடியற்காலையிலிருந்து மேலே உப்பைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்த குனிசுகேதான் அது.

"வாளி வாங்க வந்திருக்கேன்டீ!"

தொயோமி ஓடினாள். நேர் கிழக்கே ஓடினாள். அப்படி ஓடினால் நிழல் அவளுக்கு முன்னால் ஓடும். அதை மிதிக்க வேண்டுமென்றால் அவன் அவளைத் தாண்டியாக வேண்டும். அவன் வலப்புறம் வந்தால் அவளும் வலப்புறம் சாய்ந்து வழி மறித்தாள். இடப்புறம் வந்தபோது கையிலிருந்த உப்பு வாரும் வாரியைச் சுழற்றி அவன் முழங்காலில் ஒன்று போட்டாள். அவன் நொண்டிக்கொண்டே ஓடினான். இந்த ஓட்டத்தில் மூன்று பாத்தி நீர் வெறும் காற்றுப் பட்டே உப்பாகிவிட்டது.

ஆனால் உப்பளம் முடிவில்லாதது அல்ல. அது முடிகிற இடத்தில் ஒரு ஓடை, ஓடைக்கு அப்பால் புல்வெளி, நடுவில் கொடிக்காரரின் கொட்டகை. சூரியன் விழ இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அவளுக்கு மூச்சு பத்து அடிக்குத்தான் இருந்தது.

மோதினால் தோல்வி. ஆறு முறை பார்த்தாகிவிட்டது. தோற்றால் கோபு அவனுக்கு. அவள் இடுப்பில் இருந்த கடைசி முத்திரையை அறுத்துக் கையில் எடுத்தாள்.

இவாசே கொட்டகை வாசலில் சோற்றுருண்டை தின்றுகொண்டிருந்தார்.

"கொடிக்காரரே! முத்திரைய நானே திருப்பித் தரேன்! எனக்கு உரிமமே வேணாம்!"

"மூணு தரம் சொல்லணும்மா," என்றார் இவாசே, வாயில் சோற்றோடு. "அவசரப்படாத. நல்லா யோசிச்சு..."

"வேணாம்! வேணாம்!"

"சரி, மூணாச்சு." முத்திரையை வாங்கி ஓடையில் எறிந்தார். தண்ணீர் அதைக் கடலுக்குக் கொண்டுபோனது.

தொயோமி குடுக்கையின் மூடியைத் திறந்தாள். கோபு வெளியே வந்து அவளை நிமிர்ந்து பார்த்தது. அவள் கையை நீட்டிப் புல்லைக் காட்டினாள். அது நகரவில்லை. மறுபடி காட்டினாள். அது அவள் கை எவ்வளவு நீளம் என்று பார்ப்பது போல உட்கார்ந்திருந்தது. பின்பக்கத்தில் ஒரு உதை விட்டாள். போனது.

அப்போது முதுகுக்குப் பின்னிருந்து பாய்ந்து வந்த குனிசுகே அவள் நிழலின் தலையில் இரண்டு காலையும் சேர்த்துக் குதித்தான்.

"மிதிச்சுட்டேன்! கொடிக்காரரே, பாத்தீங்கல்ல?"

"பாத்தேன். உப்பு விக்கிற ஒரு பொம்பள நிழல். சந்தைக்குப் போனா நானும்தான் பத்து நிழல மிதிக்கிறேன்."

குனிசுகேக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அவன் முகம் தெத்சுவின் பிடரி மாதிரி ஆனது. எட்டாவது முத்திரை கடலில். அவன் புல்வெளியைப் பார்த்தான். சற்று தூரத்தில் புல் நுனிகள் ஆடி ஆடி விலகிக்கொண்டிருந்தன. அவனிடம் காலிக் குடுக்கை ஒன்று இருந்தது.

"முத்திர போனா மயிராச்சு. வாளி எனக்குத்தான்டீ," என்று புல்லுக்குள் இறங்கினான்.

தொயோமி பின்னாலேயே ஓடினாள். இவாசே எழுந்தே நின்றுவிட்டார். "நில்லும்மா! முத்திர கட்டின உடம்பத்தான் குடுக்கை தொடாது. நீ அத வீசியாச்சு. புல்லுக்குள்ள நீயும் ஒண்ணுதான், எலியும் ஒண்ணுதான்!"

"அவனுக்கு மொதல்ல குறி பாக்கத் தெரியுமான்னு கேளுங்க!"

குனிசுகே குறி பார்க்கவில்லை. அதைவிடக் கேவலமான காரியம் செய்தான். பதினோரு வருடமாக வேலிக்கு அப்பாலிருந்து அவள் குரலைக் கேட்டுக் கேட்டு அது அவனுக்கு அத்துப்படியாகியிருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு அவள் குரலிலேயே கூப்பிட்டான்.

"கோபூ! சோறு வெச்சிருக்கேன், வாடா என் செல்லம்!"

புல் ஆடுவது நின்றது. தவளையின் தலை மேலே எழும்பித் திரும்பிப் பார்த்தது. குடுக்கை பறந்தது.

தொயோமியால் கத்த முடியாது. கத்தினால் அது இன்னும் நன்றாக நிற்கும். அதனால் குறுக்கே பாய்ந்தாள். குடுக்கை அவள் நெற்றிப்பொட்டில் பட்டது.

அடுத்த கணம் அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு குடுக்கைக்குள் உட்கார்ந்திருந்தாள். உள்ளே ஊறுகாய் வாடை அடித்தது. யாரோ தின்று போட்ட பழக்கொட்டைகள் கிடந்தன. சுவரை ஒரு உதை உதைத்தாள், குடுக்கை ஆடியது. இன்னொரு உதை, மறுபடி ஆடியது. மூன்றாவதற்கு மூடி 'டிக்' என்று இறுகிவிட்டது. வெளியே புல் சரசரத்து, அந்தச் சத்தம் தூரம் தூரமாகப் போய்த் தேய்ந்தது. அவளுக்கு அது போதும்.

இவாசே குடுக்கையை வாங்கிக் காதோரம் வைத்துக் கேட்டார். பிறகு பதிவேட்டை எடுத்தார்.

"புடிச்சது உப்புக்காரி, ஒண்ணு. என்னென்ன வித்த தெரியும்? நாலு எழுதணும்."

"எழுதாதீங்க! எனக்கு இது வேணாம்!" என்றான் குனிசுகே.

"நான் சொல்றேன், எழுதிக்கங்க," என்று உள்ளிருந்து குரல் வந்தது. "வசவு. கீறல். உப்ப அள்ளிக் கண்ணுல போடறது. நாலாவது, இந்தப் பன்னிக்காரன் சொல்றது எதையும் கேக்காம இருக்கிறது."

"அது வித்தையாம்மா?"

"வெளிய விடுங்க, செஞ்சு காட்டுறேன்."

எழுதி முடிப்பதற்குள் சூரியன் கடலைத் தொட்டது. எரிமலை வாயிலிருந்து கதவு சாத்தும் மணி கேட்டது. குனிசுகே தலையில் கையை வைத்து உட்கார்ந்தான்.

பிடித்த விலங்குக்குத் தீனி போடுவது பிடித்தவன் கடமை. தொயோமி சுட்ட விலாங்கு மீன் கேட்டாள். கொண்டுவந்ததும் வேகவில்லை என்று திருப்பி அனுப்பினாள். காலையில் வசவு, பகலில் வசவு, சாப்பிட்ட பிறகு ஏப்பத்தோடு வசவு. அவன் ஒருமுறை வெளியே விட்டு, "போ, அந்தப் பாத்திரத்தக் கழுவு," என்று உத்தரவு போட்டுப் பார்த்தான். அவள் பாத்திரத்தைக் கூரைக்கு மேல் எறிந்துவிட்டுத் தானாகவே குடுக்கைக்குள் போய் மூடியைச் சாத்திக்கொண்டாள். மூன்றாம் நாள் தெத்சு அவனைப் பார்த்து உறுமியபோது, அந்த உறுமலில் தொயோமியின் வசவுகளில் ஒன்றிரண்டு தெளிவாகக் கேட்டன. அவ்வளவுதான், அவன் குடுக்கையைத் தூக்கிக்கொண்டு புல்வெளிக்குக் கிளம்பினான்.

"தொலைஞ்சு போ," என்று மூடியைத் திறந்தான்.

தொயோமி வெளியே வந்து இடுப்பை நிமிர்த்தினாள். இடுப்புயரப் புல். நாலு பக்கமும் யாருமில்லை. அவளிடம் உரிமம் இல்லை, முத்திரை இல்லை. பதிவேட்டின்படி அவள் இப்போது புல்வெளியில் விடப்பட்ட ஒரு விலங்கு. அவனோ புல்லுக்குள் வந்து நிற்கும் ஒரு பயிற்சியாளன். காட்டு விலங்குகள் அப்படிப்பட்டவர்களை என்ன செய்யும் என்பது தீவில் எல்லோருக்கும் தெரியும்.

"என்னடீ பாக்குற? போன்னு சொல்றேன்ல?"

அவள் பாய்ந்தாள். அவன் அலறிக்கொண்டே தெத்சுவை அதன் குடுக்கையிலிருந்து இறக்கினான். பன்றியின் பிடரி பற்றி எரிந்தது. அவள் புருவம் கருகியது, ஆனாலும் அவன் தோளை விடவில்லை. அப்போது பின்னாலிருந்து தூறத் தொடங்கியது. வழக்கமான தூறல் இல்லை. மூன்று நாளாகக் காட்டுக் குட்டையில் வயிறு முட்டக் குடித்த தண்ணீர். எரிபன்றியின் பிடரி 'உஸ்' என்று அணைந்தது. நனைந்த தெத்சு பார்க்கச் சாதாரணப் பன்றி போலவே இருந்தது. அது தன்னைத் தானே குனிந்து பார்த்துவிட்டு, வெட்கப்பட்டுக் குப்புறப் படுத்துக்கொண்டது.

"ரெண்டு பேரு சேந்து ஒருத்தன அடிக்கிறீங்களே, சட்டமா இது?" என்று குனிசுகே கத்தினான்.

"சட்டம் உனக்குத்தான்டா," என்றாள் தொயோமி, அவன் தோளிலிருந்து வாயை எடுத்து.

கோபு அவளுக்காக வந்ததா, புல்லுக்குள் நின்ற பயிற்சியாளனுக்காக வந்ததா என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. அது அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் மேலும் கொஞ்சம் தூறியது. அவள் அதைத் திட்டினாள்.

குனிசுகே அன்று மாலை வைத்தியசாலையில் சட்டையைக் கழற்றி உட்கார்ந்தான். தாதி தோளைக் கழுவிவிட்டு, "எது கடிச்சுது?" என்று கேட்டாள்.

"தவள."

தாதி விளக்கைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தாள். மேலே பதினாறு, கீழே பதினாறு, வரிசை தவறாமல் பதிந்திருந்தன.

"தவளைக்கு ஏதுங்க இத்தன பல்லு?"

"தவளைன்னு எழுதும்மா," என்றான் குனிசுகே.