முத்திரை விழும்வரை

ஸ்கேன் முடிந்து ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. அவள் இன்னும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. வெளியூர் போயிருந்த கணவன் இரண்டு முறை அழைத்தான். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நேற்று எடுத்து வைத்த பாக்டீரியா டிஎன்ஏவை ஆய்வகத்தில் மின்சாரம் பாய்ச்சி ஜெல்லில் ஓட்டிக்கொண்டிருந்தாள். குழாய் மூடிகளில் எண்களை எழுதியிருந்ததும் நேற்றைய அவள்தான். பத்தின் பூஜ்யத்துக்குள் இரண்டு கண்ணும் ஒரு சிரிப்பும் இருந்தன.

"ஏம்மா, வாயும் வயிறுமா இருக்கறவ இப்படியா நின்னுக்கிட்டே இருப்ப? உக்காரு" என்றாள் பக்கத்து மேசையிலிருந்த ஆய்வக உதவியாளர் அக்கா. அந்த அக்காவுக்கு எல்லோரும் வைத்திருந்த பட்டப்பெயர் வார்டன்.

"பரவால்லக்கா."

"ஸ்கேன்ல என்ன சொன்னாங்க? உள்ள பந்து விளையாடுதா?"

"ஜெல் முடியட்டும்க்கா. சொல்றேன்."

"சரிதான். வெளிய வரும்போதே கையில ஆய்வுக் கட்டுரையோடதான் வரப்போவுது."

இவள் உண்டாகியிருக்கும் சேதி தெரிந்த அன்றே, சாயமேசைக்கு முன்னால் தரையில் மஞ்சள் டேப் ஒட்டியவள் வார்டன். டிஎன்ஏவுக்குள் புகுந்துகொள்ளும் சாயம் அது. பிள்ளைத்தாய்ச்சி கிட்டப் போகக் கூடாது. "தாண்டுன, காலை ஒடிச்சுருவேன்." அன்றிலிருந்து அவளுடைய ஜெல்லுக்கெல்லாம் வார்டன்தான் சாயமேற்றினாள்.

பாக்டீரியா தன் டிஎன்ஏவை நகலெடுத்ததும், பழைய இழையில் மட்டும் மெத்தில் என்னும் வேதி முத்திரைகள் இருக்கும். புதிய இழை வெறுமையாக இருக்கும், கொஞ்ச நேரத்துக்கு. நகலில் பிழை இருந்தால் அதற்குள் பழைய இழையைப் பார்த்துத் திருத்திவிடலாம். பிறகு புதியதிலும் முத்திரை விழும். அதன்பின் எது மூலம், எது நகல் என்று செல்லுக்கே தெரியாது. அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு என்பதுதான் அவளுடைய ஆய்வு.

திரையை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்ட மருத்துவரின் முகம் நினைவில் வந்தது. சொல்லாதவரை முத்திரை விழாது என்று உள்ளே ஏதோ ஒன்று அடம்பிடித்தது. அதற்குள் யாராவது வந்து திருத்திவிடலாம். படித்தவள் நினைக்கிற நினைப்பா இது?

ஜெல் ஓடி முடிந்தது. வார்டன் எழுந்து, வழக்கம்போலக் கையை நீட்டினாள். "கொண்டா."

அவள் கொடுக்கவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு, தட்டை ஏந்தியபடி நடந்தாள்.

"ஏய், கோடு! கண்ணு தெரியல? பிள்ளைய வயித்துல வச்சுக்கிட்டு எங்கடி போற?"

டேப்பின் ஓரம் கொஞ்சம் உரிந்து, தூசி ஒட்டிக் கறுத்திருந்தது. அவள் அதைத் தாண்டி நின்றாள்.

"இனிமே நானே பண்ணலாம்க்கா."

வார்டனின் கை நீட்டியபடியே நின்றது. தட்டில், ஜெல்லைச் சுற்றியிருந்த நீர் விளிம்புவரை வந்து வந்து ஆடியது. அது அடங்கும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"துடிப்பு நின்னுடுச்சாம்க்கா."