பச்சை சாண்ட்விச்

பிறந்தநாள் விருந்துக்குச் சீஸ் பேஸ்ட் சாண்ட்விச் யார் செய்வது என்று ஜெனெல்லின் புகுந்த வீட்டில் பேச்சே எழுந்ததில்லை. கணவனின் அக்கா வெர்னாதான். ஞானஸ்நானமோ, கிறிஸ்துமஸோ, அவள் கை பட்டால்தான் அது சாண்ட்விச். ஆனால் மகன் ஜாடனின் ஆறாவது பிறந்தநாளுக்கு ஜெனெல் துணிந்து வாயைத் திறந்துவிட்டாள்.

"அண்ணி, இந்த வாட்டி நானே செஞ்சுக்கறேன்."

"நீயா?" வெர்னா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "செய்யேன், யார் வேண்டாம்னா? பிள்ளைங்க தொடலைன்னா மறுபடி என் தலையிலதானே விடியும்."

ஜெனெல்லுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பார்க்கலாம், யார் தலையில் விடிகிறதென்று! கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்தும், தன் வீட்டு விருந்தில் தானே ஒரு விருந்தாளி மாதிரி தட்டேந்தி நிற்பதா?

சனிக்கிழமை காலையிலிருந்து அரிமா ஊரில் ஜெனெல் வீட்டுச் சமையலறை அமர்க்களப்பட்டது. சீஸைத் துருவி, வெண்ணெயும் கடுகு விழுதும் வெங்காயமும் சேர்த்துக் குழைத்து, இரண்டு பாகமாகப் பிரித்தாள். பிள்ளைகளுக்கானதில் ரோஸ் நிறம். பெரியவர்களுக்கானதில் பச்சை, கூடவே தாராளமாக மிளகாய் சாஸ். ரொட்டியின் ஓரம் வெட்டி, முக்கோணமாக நறுக்கி, காயாமலிருக்க ஈரத்துணி போட்டு மூடிவிட்டு, முகம் கழுவப் போனாள்.

அந்த ஐந்து நிமிஷத்தில்தான் அவள் கணவன் கெர்வினுக்குப் பொறுப்பு வந்துவிட்டது. தட்டுகளைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனான். ஜெனெல் வெளியே வந்தபோது, பலூன் கட்டிய மேஜையில் பிள்ளைகளுக்கு நடுவே பச்சை சிரித்துக்கொண்டிருந்தது.

"ஐயோ! எந்தத் தட்டைய்யா அங்க வெச்சே?"

"பச்சைதானே பிள்ளைங்களுக்கு? எங்க வீட்டுல எப்பவும் அப்படித்தானே!"

அட மண்டூகமே! அவள் ஓடுவதற்குள் வெர்னாவின் பேத்தி டெஷா கடித்துவிட்டாள். கண் விரிந்தது. மூக்கு ஒழுகியது. முற்றத்தின் அந்தக் கோடியில், காரமே இல்லாத ரோஸ் சாண்ட்விச்சை மென்றுகொண்டிருந்த வெர்னா மெல்லுவதை நிறுத்தினாள். போச்சு, மானம் போச்சு என்று நினைத்தாள் ஜெனெல்.

டெஷா துப்பவில்லை. மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "டேய், இது பெரியவங்க சாண்ட்விச்சுடா!" என்று கத்தினாள்.

அப்புறம் யார் பிடிக்க முடியும்?

"நான் ரெண்டு தின்னுட்டேன், தண்ணியே குடிக்கல!"

"பொய்யி! உன் காதே சிவந்து போச்சு!"

"உனக்குக் கண்ணுல தண்ணி வருது, நீ அவுட்டு!"

ஜெனெல் தட்டைப் பறிக்கப் போனாள். ஜாடன் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். "அம்மா, என் பொறந்தநாளு! போ அந்தப் பக்கம்!" குதித்தார்கள், நாக்கை நீட்டி விசிறிக்கொண்டார்கள், சிவப்பு சோடாவை வாயில் கவிழ்த்துக்கொண்டார்கள். பச்சைத் தட்டு துடைத்துவிட்டது போல் காலியானது.

கெர்வின் மெல்லப் பக்கத்தில் வந்து நின்றான். "பாத்தியா? நல்லாத்தானே ஆச்சு?"

"வாயத் திறந்தே, மிச்ச சாஸை உன் வாயில ஊத்திடுவேன்."

டெஷா நேரே வெர்னாவிடம் ஓடினாள். "பாட்டி, நீ செய்யறது பாப்பாக்களுக்கு. இனிமே ஜெனெல் ஆன்ட்டியே செய்யட்டும்!"

ஜெயித்துவிட்டாள் ஜெனெல். ஆனால் வெர்னாவின் முகத்தைப் பார்த்ததும் சந்தோஷம் வரவில்லை, பாவமாக இருந்தது. பக்கத்தில் போய், "அண்ணி, அது தட்டு மாறிப்போச்சு. வேணும்னு நான் எதையும் செய்யல. சின்னப் பிள்ளை பேச்சை நீங்க..." என்று இழுத்தாள்.

"மாறிச்சோ மாறலையோ, பிள்ளை சொல்லிட்டா இல்ல?" வெர்னா கையைத் தட்டினாள். "எல்லாரும் கேட்டுக்கோங்க! கிறிஸ்துமஸ், ஈஸ்டர், எவன் வீட்டுப் பொறந்தநாளா இருந்தாலும் சரி, இனிமே சாண்ட்விச்சுக்கு இவளைக் கேளுங்க! என்னை யாரும் கூப்பிடக் கூடாது!"

உடனே இரண்டு பெண்கள் ஜெனெல்லை நெருங்கினார்கள். ஒருத்திக்கு அடுத்த ஞாயிறே வேண்டுமாம்.

வெர்னா இருப்பதிலேயே நல்ல நாற்காலியாகப் பார்த்து இழுத்துப் போட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினாள். எத்தனையோ வருஷ விருந்துகளில் அவள் உட்கார்ந்து அன்றைக்குத்தான் ஜெனெல் பார்க்கிறாள்.

"பைத்தியக்காரி," என்றாள் வெர்னா, சிரிப்பு தாங்காமல். "இதுக்குப் போய் இவ்வளவு மல்லுக்கட்டினியே. வாயத் திறந்து கேட்டிருந்தா உன் கல்யாணத்தன்னிக்கே இந்த வேலைய உன்கிட்ட குடுத்திருப்பேனே!"