பேட்டரியை நகர்த்தியவன்

அண்ணன் பேட்டரியை நகர்த்திவிட்டான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மைதானத்துக்குப் போன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

போட்டிக்காக நாங்கள் செய்த குட்டி விமானத்தின் உடம்பும் மோட்டாரும் அவன் வேலை. இறக்கையும் கணக்கும் என் வேலை. இது அவனுக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

அண்ணன் செல்போன் கடையில் வேலை பார்க்கிறான். இறக்கைமேல் காற்று எப்படி ஓடும் என்று கணக்குப் போடும் மென்பொருள் ஒன்றைப் பழைய லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு வந்தான். கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்தான். "என்னடி இது, யாருக்கோ ஈசிஜி எடுத்த மாதிரி கோடு கோடா வருது" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனான். நான் உட்கார்ந்தேன்.

எட்டாவதோடு பள்ளியை விட்டவள் நான். எழுந்து நின்று பதில் சொல் என்றால் தெரிந்த பதிலும் உளறலாகத்தான் வரும், வகுப்பே சிரிக்கும். இந்த மென்பொருளும் கேள்விதான் கேட்கிறது, ஆனால் எழுந்து நிற்கச் சொல்வதில்லை. தப்பாகக் கொடுத்தால் கணக்கு முடியவில்லை என்று சிவப்பு எழுத்தில் காட்டிவிட்டுக் காத்திருக்கும். ஒருமுறை கிலோவில் கேட்ட எடையை கிராமில் கொடுத்துவிட்டேன். விமானம் எழுநூறு கிலோ ஆகிவிட்டது. "எருமை மாட்டைப் பறக்கவிடப் போறியா?" என்று அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்போதெல்லாம் எங்களுக்குள் சண்டை இல்லை.

"இவளைக் கட்டிக் கொடுத்தா அந்தப் பொட்டியையும் சேர்த்துத்தான் அனுப்பணும்" என்பாள் அம்மா. கடைகளுக்குத் திரைச்சீலை தைப்பவள். அவளுடைய தையல் மெஷினுக்குப் பக்கத்தில்தான் என் இடம்.

ஒவ்வொரு பாகத்தையும் சமையலறைத் தராசில் நிறுத்து, அது மூக்கிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்து கொடுத்தேன். எல்லாவற்றிலும் கனமானது பேட்டரி. அது மூக்கை ஒட்டி இருக்க வேண்டும். பின்னால் போனால் வால் கனத்துவிடும். விமானம் தலையைத் தூக்கும், காற்று கைவிடும், கல் மாதிரி விழும். இறக்கைக்கு அடியில் நகப்பூச்சால் இரண்டு புள்ளி வைத்தேன். அங்கே விரல் கொடுத்துத் தூக்கினால் விமானம் சாயாமல் நிற்க வேண்டும். அண்ணனிடம் காட்டினேன். "சரிடி, சரி" என்றான்.

போட்டி நடக்கும் மைதானத்தில் கூட்டம். அண்ணனோடு கடையில் வேலை பார்க்கும் தாடிக்காரரும் வந்திருந்தார். பெயர் பதிகிறவர் என்னைக் காட்டி, "இந்தப் பொண்ணு?" என்று கேட்டார்.

"என் தங்கச்சி சார். சும்மா வேடிக்கை பார்க்க வந்திருக்கா."

சும்மா! எனக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. விமானத்தை வாங்கிப் புள்ளிகளில் விரல் வைத்துத் தூக்கினேன். வால் தொங்கிப் போனது. மூடியைத் திறந்தேன். பேட்டரி நாலு விரல் அளவு பின்னால் கிடந்தது.

"அண்ணா..."

"நேத்து ராத்திரி ஒயர் இடிச்சுது, மூடி மூடல. அதான் கொஞ்சம் தள்ளி வெச்சேன்."

"கொஞ்சமா?"

"எடை அதேதானே? எங்க இருந்தா என்ன? சோத்து மூட்டையை வலது கையில தூக்கினா என்ன, இடது கையில தூக்கினா என்ன?"

தாடிக்காரர் சிரித்தார். "விடும்மா. நம்மகிட்ட ஃப்ளைட் கம்பெனியா இருக்கு? பறந்தா பறக்குது."

பறந்தா பறக்குதாம். எத்தனை வாரம் அந்தக் கோடுகளோடு மல்லுக்கட்டினேன்! சொல்ல வேண்டியதெல்லாம் நெஞ்சில் இருந்தது. அதற்குள் ஒலிபெருக்கியில் எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். அண்ணன் மோட்டாரை ஓடவிட்டு, வீசுவதற்குக் கையை ஓங்கினான். நான் வாலைப் பிடித்துக்கொண்டேன்.

"விடுடி!"

விடவில்லை.

"எல்லாரும் பார்க்கிறாங்க, விடு பூனை!" வீட்டில் கூப்பிடும் பெயர். அத்தனை பேர் முன்னால் கூப்பிட்டான். யாரோ சிரித்தார்கள்.

அவன் முன்னால் இழுத்தான், நான் பின்னால் இழுத்தேன். படக்கென்று ஒடிந்தது. வால் என் கையில், மிச்சம் அவன் கையில். மோட்டார் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் சுற்றிக்கொண்டிருந்தது.

"பறந்திருக்கும்டி! நீதான் ஒடிச்சே!"

பஸ்ஸில் அவன் முன் சீட்டில், நான் பின் சீட்டில். வாலை மடியில் வைத்திருந்தேன். வீடு வந்ததும் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் லேப்டாப்பைத் திறந்தேன். பேட்டரியை அவன் வைத்த இடத்துக்கே நகர்த்திக் கணக்கை ஓடவிட்டேன். கோடு இடமிருந்து வலமாக இறங்கினால் விமானம் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும், ஏறினால் விழும். ஏறும், ஏற வேண்டும் என்று காத்திருந்தேன்.

இறங்கியது. மயிரிழைதான். ஆனால் இறங்கியது.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம் இன்னும் கூடியது.

அண்ணன் வாசற்படியிலேயே நின்றிருந்தான்.

"பறந்திருக்கும்" என்றேன்.

அவன் முகம் மலர்ந்தது. "நான் அப்பவே சொன்னேன்ல?"

"உனக்கு எப்படிடா தெரியும்? எனக்கே இப்பத்தான் தெரியும்!"

அம்மாவின் மெஷின் நின்றது. "அண்ணனை டா போட்டா பேசுறே?"

"ஆமாம்மா, போட்டுத்தான் பேசுவேன். நேத்தே ஒரு வார்த்தை கேட்டிருந்தா நேத்தே கணக்கை ஓட்டிப் பார்த்துச் சொல்லியிருப்பேன். இன்னிக்கு வால் ஒடிஞ்சிருக்காது. ஏன்டா கேக்கல?"

அவ்வளவு சத்தமாக நான் பேசியதே இல்லை. என் குரல் எனக்கே வேற்றாளுடையதுபோல் இருந்தது.

அண்ணன் விமானத்தின் உடம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கேக்கணும்னு தோணல" என்றான். பொய் சொல்லவில்லை. அதுதான் சுரீரென்றது.

"இறக்கை யாரு பண்ணினது?"

"நீதான்."

"அப்புறம் அந்தப் பேர் எழுதின ஆளுகிட்ட ஏன் சும்மான்னு சொன்னே?"

அவன் ஒடிந்த இடத்தை விரலால் தடவினான். அம்மா அவனையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நூலைப் பல்லால் கடித்துவிட்டு மறுபடி மெஷினை மிதித்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் பசைக் குப்பியோடு வந்து தரையில் உட்கார்ந்தான். "வாலைக் குடு. ஒட்டிடலாம். அடுத்த மாசமும் போட்டி இருக்காம்." நான் அசையவில்லை. அவன் தலையைச் சொறிந்தான். "சரி, பேட்டரியை எங்க வைக்கணும்? நீயே சொல்லு."

இடம் எனக்குத் தெரியும். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

"மொதல்ல அந்தத் தாடிக்காரருக்கு போன் போடு" என்றேன். "இறக்கை யாரு பண்ணினதுன்னு சொல்லு. ஸ்பீக்கர்ல போட்டுச் சொல்லு. நான் கேக்கணும்."